இரண்டு அங்குலம் உயர்த்திய ஹைலக்ஸுக்கு எந்த டயர்?

கேள்வி: மல்லாவிப் பக்கம் வயல் செய்கிறேன். ஃபோர் வீல் உள்ள ஹைலக்ஸ் டபுள் கப் பிக்கப் வைத்திருக்கிறேன். போன வருடம் முன்னும் பின்னும் 2 அங்குலம் உயர்த்தினேன். டயர் இன்னும் வாகனத்தோடு வந்த 265/65 ஆர் 17 தான். மாரியில் வயல் பாதையில் அடி தட்டுகிறது, சில நாள் புதைந்தும் போகிறது. 285/70 ஆர் 17 போட்டால் சரிவரும் என்கிறார்கள். உரமும் நெல்லும் ஏற்றுவேன், கிழமைக்கு ஒரு தடவை வவுனியா போய்வருவேன். போடலாமா?

பதில்: போடலாம் தம்பி. ஆனால் வாகனம் என்னுடையது என்றால் நான் போட மாட்டேன். 265/70 ஆர் 17 அளவில், எல்டி வகையில் (பாரம் ஏற்றும் சிறு ட்ரக்குகளுக்கானது), ஏடி பூ (தாருக்கும் மண் பாதைக்கும் பொதுவான வெட்டு) உள்ள டயர் நான்கும் ஸ்பெயாருக்கு ஒன்றும் வாங்குவேன்.

முதலில் அந்த இலக்கங்களைப் பிரித்துப் பார்ப்போம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் உங்கள் இப்போதைய டயரின் முழு உயரம் 776 மி.மீ. 265/70 என்றால் 803. 285/70 என்றால் 831, அதைத்தான் கடையில் 33 என்கிறார்கள்.

இப்போது அடி தட்டுகிற விஷயம். உங்கள் பாதையில் தட்டுவது அநேகமாகப் பின் அச்சின் நடுவில், கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும் டிஃபரென்ஷல்தான். வாகனத்தை 2 அங்குலம் உயர்த்தியபோது பொடி (மேற்கூடு) உயர்ந்தது, சேஸிஸ் உயர்ந்தது. அந்தச் சட்டி ஒரு மில்லிமீற்றர்கூட உயரவில்லை. பின் அச்சு சில்லோடு சேர்ந்தே இருப்பது. டயரின் உயரம் கூடினால் மட்டும், கூடியதில் பாதி அளவு அதுவும் எழும்பும். 265/70 போட்டால் 13 மி.மீ., 285/70 போட்டால் 27 மி.மீ. ஆக இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரு பெருவிரல் அகலம்கூட இல்லை. உழவு இயந்திரம் போய்வந்த தடத்தில் நடு மேடு ஒரு சாண் நிற்கும்போது இந்த 14 மி.மீ. உங்களைக் காப்பாற்றாது. தடத்துக்குள் இறங்காமல் ஒரு பக்கச் சில்லை நடு மேட்டிலும் மற்றதை ஓரத்திலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

அடுத்தது, பெரிய டயர் உள்ளே கொள்ளுமா என்பது. உயர்த்திய வாகனம்தானே, இடம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உயர்த்தியதால் இடம் கிடைப்பது சில்லுக்கு மேலே. டயர் உரசுவது பெரும்பாலும் முன் சில்லுக்குப் பின்னால்: ஸ்டியரிங்கை முழுக்க வெட்டும்போது மட்காட்டின் பின் விளிம்பிலும், கபினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் முன் மவுண்டிலும். அகலமாகத் தெரிய வேண்டுமென்று வெளியே தள்ளி நிற்கும் ரிம் போட்டால் இன்னும் மோசம். டயர் திரும்பும் வட்டம் பெரிதாகும், முன்பு உரசாததும் உரசும். பிறகு யாராவது மவுண்டை வெட்டித் தருகிறேன் என்பார்கள். வெட்டுகிற நிலைமைக்குப் போகிற அளவை வாங்கவே வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

அப்படியும் 285 தான் வேண்டுமென்றால், வாங்குமுன் தெரிந்தவரிடம் ரிம்மோடு ஒரு சில்லைக் கடன் வாங்கி முன்பக்கம் பூட்டுங்கள். குளத்துக் களிமண்ணைப் பிசைந்து உருண்டைகளாக மட்காட்டின் உள்விளிம்பிலும் மவுண்டிலும் ஒட்டுங்கள். அந்தச் சில்லை மட்டும் ஒரு வரம்பு மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க வெட்டி, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். களிமண் எவ்வளவு நசிந்திருக்கிறதோ அதுதான் உங்கள் விடை. இதைப் பெட்டியில் பாரம் ஏற்றிய பின்பும் செய்ய வேண்டும். 50 கிலோ யூரியா 20 மூட்டை என்றால் ஒரு தொன். அது ஏறியதும் நீங்கள் காசு கொடுத்து உயர்த்திய பின்பக்கம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

பாரம் என்றதும் இன்னொன்று. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு 112 என்பது போல ஓர் இலக்கம் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 1120 கிலோ, 115 என்றால் 1215, 121 என்றால் 1450. அளவு பெரிதாக இருந்தாலும் இந்த இலக்கம் பழையதைவிடக் குறையக் கூடாது. எல்டி வகையின் பக்கச் சுவர் தடித்தது, கிறவல் கல்லும் வேலிக் கட்டையும் அவ்வளவு இலேசாகக் கிழிக்காது. ஆனால் அதே பாரத்தைத் தாங்க அதற்குக் காற்று கொஞ்சம் கூட வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றளவு பழைய டயருக்குரியது என்பதை மறக்க வேண்டாம்.

285 இல் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பிரேக். பெரிய டயர் பாரமானது, அந்தப் பாரமும் அச்சிலிருந்து தள்ளிப் போய்விடுகிறது, பிரேக் மட்டும் பழையதுதான். ஏ9 வீதியில் இருட்டினால் கட்டாக்காலி மாடு நடு றோட்டில் படுத்திருக்கும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேகமானியும் குறைத்துக் காட்டும். 285 போட்டபின் 60 காட்டினால் உண்மையில் 64 இல் போவீர்கள், 265/70 என்றால் 62. கியரும் எல்லாம் 7 வீதம் நீண்ட மாதிரி ஆகிவிடும். பாரத்தோடு சேற்றிலிருந்து கிளம்பும்போது கிளச் மணப்பது அதனால்தான். ஃபோர் வீலில் லோ கியர் இருக்கிறதே என்பீர்கள், சரி, வவுனியா போகும்போது லோவிலா போவீர்கள்?

சேற்றைப் பற்றியும் ஒரு தப்பபிப்பிராயம் உண்டு, அகலமான டயர் புதையாது என்று. மணலுக்கு அது சரி. முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் அகலம் உதவும். வயல் பாதையில் மேலே அரை அடி சேறு, கீழே இறுகிய தரை. அங்கே குறுகிய டயர்தான் சேற்றை வெட்டிக்கொண்டு போய்க் கீழே பிடிக்கும், அகலமானது மேலே வழுக்கிக்கொண்டே நிற்கும். அடியே இல்லாத வயல் சேறென்றால் எந்த டயரும் உதவாது. இரு சில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டருக்கே இரும்புச் சில்லு பூட்டித்தானே அங்கே இறக்குகிறோம்?

எம்டி என்ற, சேற்றுக்கென்றே செய்த பெரிய பூ வேண்டாம். வருடத்தில் மூன்று மாதச் சேற்றுக்காக மிச்ச ஒன்பது மாதமும் இரைச்சலையும், நனைந்த தாரில் பிடிப்புக் குறைவையும் ஏன் சுமக்க வேண்டும்? அந்தக் காசில் ஒரு காற்று மானியும், பற்றரியில் ஓடும் சின்னப் பம்மும் வாங்குங்கள். புதைகிற இடத்துக்கு முன்னால் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து பிடிக்கும். மெதுவாக ஓட வேண்டும், சடாரென்று வெட்டக் கூடாது, தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். பெட்டியில் பாரம் இருந்தால் அவ்வளவு இறக்காதீர்கள்.

வாங்கும்போது டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் டிஓடி (DOT) எழுத்துக்களின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. பூ புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் வெயில் பட்ட கடையில் கிடந்த டயரை நான் தொட மாட்டேன். ஸ்பெயாரும் அதே அளவாக இருக்க வேண்டும். பின்னால் ஒன்று சிறிதாக இருக்கும்போது ஃபோர் வீலைப் போட்டால் கியர்ப்பெட்டியும் அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கும். 265/70 ஐப் பெட்டிக்கு அடியில் தொங்கவிட்டுப் பாருங்கள், இடம் இருக்கும். 33 ஐப் பலர் பெட்டிக்குள் போட்டுத் திரிகிறார்கள், அதோடு நான்கு மூட்டைக்கான இடம் போய்விடுகிறது.

காப்புறுதிக்காரருக்கு உயர்த்தியதையும் டயர் மாற்றியதையும் எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். டயர் பூட்டிய அன்றே வீல் அலைன்மென்ட் செய்து, 1000 கிலோமீற்றர் ஓடியதும் முன் டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் கூராகத் தேய்ந்திருந்தால் கோளாறு அநேகமாக டயரில் இல்லை, போன வருடம் உயர்த்திய வேலையில்.