மதினியிடம் புலம்பினால் போதாதா?

கேள்வி: எங்களுக்குப் பீடி சுத்துறதுதான் பிழைப்பு. முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துவேன். அம்மா தவறி எட்டு மாசமாச்சு. இப்ப சொளவை மடியில வச்சா முந்நூறுக்கே கை நின்னுருது. விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்துரும், பிறகு தூக்கமில்ல. பாளையங்கோட்டைக்குப் போய் கவுன்சலிங் பார்ப்போம்னு மகன் சொல்லுதான். பேசினா நோய் தீருமா? மதினிகிட்ட தினமும் புலம்பத்தான் செய்யுதேன்.
– வாசகி, முக்கூடல்

பதில்: மதினியிடம் பேசுவதை விட்டுவிடாதீர்கள் அம்மா. காது கொடுக்க ஒரு ஆள் இருப்பது பெரிய பலம். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அழுதால் அவரும் அழுவார், ‘விடு, எல்லாம் சரியாப் போகும்’ என்பார், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். மறுநாளும் அதே இடத்தில்தான் ஆரம்பிப்பீர்கள்.

ஆலோசகர் அந்த இடத்தில் நிறுத்திக் கேட்பார்: “முந்நூறில் கை நின்றதே, அந்த நேரம் மனசில் என்ன ஓடியது?” ‘அம்மாவை ரெண்டு நாள் முன்னாடியே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணும்’ என்று ஓடியிருக்கலாம். அதுவரை ‘மனசு சரியில்ல’ என்று மொத்தமாகக் கிடந்த பாரம் அப்போதுதான் ஒரு தனி எண்ணமாகக் கைக்கு வருகிறது. கைக்கு வந்ததைச் சோதித்துப் பார்க்கலாம். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருந்தது எவ்வளவு? டாக்டர் என்ன சொல்லியிருந்தார்? இதே நிலையில் மதினி இருந்தால் அவரைக் குற்றம் சொல்வீர்களா? அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த சிகிச்சை முறையின் அடிப்படை இதுதான்.

உங்கள் நிலையில் இதைவிட முன்னால் தொடங்க வேண்டியது இன்னொன்று. மனச்சோர்வு வந்தால் வேலை குறையும். வேலை குறைந்தால் கையில் காசு, நாலு பேரைப் பார்ப்பது, ‘முடிச்சிட்டேன்’ என்ற நிறைவு எல்லாம் சேர்ந்து குறையும், சோர்வு இன்னும் கூடும். மனசு தேறட்டும், பிறகு எழுந்திருப்போம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். எழுந்த பிறகுதான் மனசு பின்னாலேயே வரும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் மணிவாரியாக என்ன செய்தீர்கள், அப்போது மனசு பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். எந்த நேரம் ஒன்று, எந்த நேரம் நாலு என்று அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது வாரம் இரண்டே வேலை: காலையில் நேரம் குறித்து ஐம்பது பீடி, சாயங்காலம் மதினியோடு ஆற்றங்கரை வரை ஒரு நடை. ஐம்பது முடிந்ததும், இன்னும் முடியும்போல இருந்தாலும், எழுந்துவிடுங்கள். எடுத்த எடுப்பில் ஆயிரத்துக்கு உட்கார்ந்து, முடியாமல் போய், ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்று முடங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கோவாவில் மனநலப் படிப்பு இல்லாத, இதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இந்த முறையைக் கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களிடம் வந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது.

ஒரு அமர்வு முக்கால் மணி நேரம் போல, வாரம் ஒருமுறை இருக்கும். முதல் இரண்டு மூன்று தடவை போய் வந்ததும் மனசு இன்னும் கனப்பதுபோல் தோன்றலாம். மூடி வைத்ததைத் திறந்ததால் வருவது அது. பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள், நீங்கள் நிற்காதீர்கள். போகும் முன் தைராய்டும் ரத்தசோகையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், இதே சோர்வை அவையும் தரும். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று தோன்றினால் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே மகனிடம் சொல்லுங்கள், 14416க்குப் பேசுங்கள். ‘டெலி மானஸ்’ என்ற அரசு உதவி எண் அது. இரவு பகலாக, இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் காலேஜ் போகும்போது நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, செத்துடுவேன்போல இருக்கு. ஆலங்குளத்தில் இறங்கிவிடுகிறேன். இசிஜி, எக்கோ நார்மல். பேசினால் இது எப்படிப் போகும்?
– வாசகர், தென்காசி

பதில்: பேச்சு பாதி, பஸ் பாதி தம்பி. பயத்தில் மூச்சு வேகமாகிறது, ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். ஆனால் நீங்கள் உச்சத்தில் இறங்கிவிடுவதால், ‘இறங்கினதாலதான் பிழைச்சேன்’ என்று உடம்பு படித்துக்கொள்கிறது.

ஆலோசகரோடு சேர்ந்து படிப்படியாகப் பட்டியல் போடுங்கள்: நிற்கிற பஸ்ஸில் பத்து நிமிடம், பாவூர்சத்திரம் வரை, ஆலங்குளம் வரை, கடைசியில் திருநெல்வேலி. ஏறும் முன் ‘மயங்கி விழுவேன், நூற்றுக்குத் தொண்ணூறு’ என்று எழுதுங்கள். இறங்கிய பின் உண்மையில் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். ஒரு படி சலித்துப் போன பிறகுதான் அடுத்த படி. வாரம் ஒருநாள் போதாது, நாலைந்து நாள் வேண்டும். கதவோரச் சீட், கையில் தண்ணீர் பாட்டில், வழியெல்லாம் நண்பனோடு போன் – முயற்சியைக் கெடுப்பவை இவைதான். பிழைத்ததற்கான பெயரை அவை தட்டிக்கொண்டு போய்விடும். ஒவ்வொன்றாக விடுங்கள்.

கேள்வி: மகளுக்குக் கவுன்சலிங் பார்க்க வேண்டும். வெளியே தெரிந்தால் சம்பந்தம் அமையாதே என்று பயம்.
– வாசகி, வள்ளியூர்

பதில்: சொன்னதை வெளியே விடக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குப் பாலியல் கொடுமை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூங்காமல் அலைகிறாள் என்றால் முதலில் மனநல மருத்துவரும் மாத்திரையும். பேச்சு அதன் பிறகு. பதினெட்டு வயது நிறைந்திருந்தால், மகள் உள்ளே சொன்னதை அவள் சம்மதமில்லாமல் உங்களிடமும் சொல்லமாட்டார்கள். அறைக்கு வெளியே உட்கார்ந்திருங்கள். திரும்பி வரும்போது ‘என்ன கேட்டாக, நீ என்ன சொன்ன’ என்று துருவாமல், அவளுக்குப் பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.