விஸ்காம் படிக்கும் பையனுக்குப் பார்வை போனால் பேங்க் எக்ஸாம்தானா?

போன வாரம் விருதுநகரிலிருந்து ஒரு அம்மா, தன் அண்ணனோடு மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பையன் விஸ்காம் இரண்டாம் ஆண்டு. பார்வை நரம்பு பாதித்து மூன்றே மாதத்தில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. கல்லூரியை நிறுத்திவிட்டுத் தபாலில் பி.ஏ., கூடவே பேங்க் கோச்சிங் என்று மாமா முடிவே செய்திருந்தார். "கோட்டா இருக்கு சார், செட்டில் ஆயிடுவான்." அரை மணி நேரத்தில் பையனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கேட்டேன். அவன் வாயிலிருந்து முதலில் வந்தது இது: "உங்க ஏசி நிக்கும்போது ஒரு 'டிக்' வருது சார். இங்க ரெக்கார்டிங் பண்ணா அதை வெட்டி எடுக்கணும்."

அம்மா, அன்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது. இந்த முடிவு தவறு.

உங்கள் அண்ணன் சொன்ன கோட்டா, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்து 4 சதவீதம். பார்வையற்றோர், குறைபார்வை உள்ளோர் பங்கு அதில் 1 சதவீதம். வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வு இருப்பதால் பரீட்சையை அவன் பிறகும் எழுதலாம். அதற்கும் டிகிரி வேண்டும். பாதி முடித்த டிகிரியை எதற்கு விட வேண்டும்? பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்கிரைப் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. கேமரா பிராக்டிகலுக்குப் பதில் ஒலிப்பதிவு பிராக்டிகல் தரும்படி துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி ஐம்பதைக் கடந்த வயதில் முழுப் பார்வையையும் இழந்தார். அதன்பின் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் செய்தார்; அங்குள்ள கலைப் பள்ளியான கலாபவனத்தில் ஓடுகளால் பெரிய சுவரோவியமே செய்தார். உங்கள் மகனுக்குப் பிடித்தது எடிட்டிங். எங்கே வெட்டுவது, எவ்வளவு மௌனம் விடுவது என்ற அந்தக் கணக்கு அவன் காதில் இப்போதும் இருக்கிறது.

சவுண்ட் எடிட்டிங் பார்வையற்றவர்கள் உலகெங்கும் செய்துவரும் வேலை. ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளை 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம்; தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளான என்விடிஏ இலவசம். இரண்டையும் இணைக்கும் ஒசாராவும் இலவசம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடும், எஸ் எழுத்தைத் தட்டினால் வெட்டும், எந்த டிராக்கில் எத்தனையாவது நொடியில் நிற்கிறோம் என்று குரல் சொல்லும். மவுஸ் தேவையில்லை. ஒலியளவு எல்லை தாண்டினாலும் அதே குரலை எச்சரிக்க வைக்கலாம்.

ஆரம்பத்தில் குழப்புவது ஒன்றுதான்: வழிகாட்டும் குரலும் எடிட் செய்யும் குரலும் ஒரே காதில் மோதும். என்விடிஏவின் குரலை லேப்டாப்பில் செருகிய சாதாரண இயர்போனுக்கும், வேலையின் ஒலியை ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பில் இணைக்கும் தனி ஒலிப்பெட்டி) வழியாகப் பெரிய ஹெட்போனுக்கும் பிரித்துவிட வேண்டும். ஒரு காதில் அது, மறு காதில் இது. பழகச் சில வாரம் பிடிக்கும்.

ஆடியோ புத்தகத் தளமான ஏசிஎக்ஸ், சராசரி ஒலியளவு மைனஸ் 23-லிருந்து மைனஸ் 18 டெசிபெலுக்குள், உச்சம் மைனஸ் 3-க்குள், பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே என்று கேட்கிறது. எல்லாம் எண். கண்ணில்லாமல் சரிபார்க்கலாம். பாட்காஸ்ட், ஒலி நாடகம் என்று வேலை விரியும். படத்தின் அசைவோடு ஒலி பொருத்தும் சினிமா வேலைக்கு மட்டும் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் வேண்டும். முதல் வருடம் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பணத்தில் நான் கறார். சவுண்ட் இன்ஜினியரிங் என்று லட்சங்களில் ஃபீஸ் கேட்பார்கள். ஸ்க்ரீன் ரீடரில் பாடம் நடத்தி உங்கள் கண்முன் காட்டாத இடத்துக்கு ஒரு ரூபாய் கட்டாதீர்கள். நகையைத் தொடாதீர்கள். இப்போதைக்கு ஒரு பழைய லேப்டாப்பும் நல்ல ஹெட்போனும் போதும்.

அதற்கு முன் வெள்ளைக் கோல் பயிற்சி. பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, விசாரியுங்கள். கோல் பிடித்தால் ஊர் என்ன சொல்லும் என்றார் உங்கள் அண்ணன். கோல் இல்லாவிட்டால் அவன் பாத்ரூமுக்குக்கூட உங்கள் கையைப் பிடித்துத்தான் போக வேண்டும்.

தம்பி, உனக்கு 60 நாள். உங்கள் வீட்டுச் சமையலறை விடியற்காலையில் எப்படிக் கேட்கிறது என்று மூன்று நிமிட ஒலிப்பதிவாக வெட்டி எனக்கு அனுப்பு. யாருடைய உதவியும் வாங்கலாம், ஆனால் கீபோர்டில் உன் கைதான் இருக்க வேண்டும்.