போனில் டோஸ் கேட்கும்போது

கேள்வி: சிஸ்டர், என் மாமியாருக்கு ஆறு வருஷத்துக்கு முன் இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பி.டி. டெஸ்ட்டுக்கு மாசாமாசம் விடியற்காலை பஸ் பிடித்து வேலூர் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடுகிறது. துணைக்குப் போகும் என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தறி ஓடாது. பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் அதையே விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் வாங்கித் தந்திருக்கிறார். அதில் 3.4 காட்டியது, அன்றைக்கே லேபில் 2.9. எதை நம்புவது? வீட்டிலேயே பார்த்துவிட்டு டாக்டரிடம் போனில் டோஸ் கேட்டுக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம்மா. ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பது ரொம்ப முக்கியம்.

முதலில் அந்த இரண்டு எண்கள். இந்த டெஸ்ட்டில் வரும் எண்ணுக்குப் பெயர் ஐ.என்.ஆர். அது ஏற ஏற ரத்தம் உறைவது தாமதமாகிறது என்று அர்த்தம். மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு இருப்பவர்களுக்கு அது பொதுவாக 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். 3.4, 2.9 இரண்டுமே அதற்குள்தான் வருகின்றன. மெஷினுக்கும் லேபுக்கும் அரைப் புள்ளி வித்தியாசம் வருவது சகஜம், பயப்படாதீர்கள். மெஷினில் 4-ஐத் தாண்டினால் லேபில் ரத்தம் கொடுத்து உறுதி செய்துகொண்டு டாக்டரிடம் பேசுங்கள். ரத்தசோகை அதிகமாக இருந்தாலும் மெஷின் தப்பாகக் காட்டலாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். சொட்டு வரவில்லையென்று விரலைப் போட்டுப் பிழியக் கூடாது. கையைத் தொங்கவிட்டு மெல்ல நீவினாலே போதும். குத்தியதும் வருகிற முதல் சொட்டையே உடனே ஸ்ட்ரிப்பில் வையுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மேல் எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 30 டிகிரிதான். நம்ம ஊர் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்தால் அது கெட்டுப்போகும்.

இனி போன் விஷயம். இதை நான் நேரில் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷங்களுக்கு முன், ஓ.பி. முடிகிற மத்தியான நேரம். ஆரணிப் பக்கம் பட்டு நெய்கிற ஓர் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் நோட்டில் 3 மி.கி. என்று எழுதினார். நான் போனில், "இனிமேல் தினம் மூணு போடுங்கம்மா" என்றேன். அவர் வீட்டில் இருந்ததோ 2 மி.கி. மாத்திரை. ஒன்றரை மாத்திரை போட வேண்டியவர் மூன்று மாத்திரை போட்டுவிட்டார். வாரத்துக்கு 21 மி.கி. போக வேண்டிய உடம்பில் 42 போயிருக்கிறது. ஒன்பதாம் நாள் ஈறில் ரத்தம் கசிய, தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்து வந்து நின்றார். ஐ.என்.ஆர். 8-க்கு மேல். நான்கு நாள் வார்டில் இருந்து பிழைத்துக்கொண்டார். என்னைக் கோபிக்கவில்லை. "நீங்க மூணுன்னுதானே சிஸ்டர் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் போனில் வெறும் எண்ணைச் சொன்னதே கிடையாது.

அதனால் நீங்கள் போன் செய்யும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதில் எத்தனை மி.கி. என்று போட்டிருப்பதை நீங்களே முதலில் படித்துச் சொல்லுங்கள். இன்றைய ஐ.என்.ஆர்., போன தடவை எவ்வளவு, நடுவில் எந்த நாள் மாத்திரை விட்டுப்போனது, வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர்கள் டோஸ் சொன்னதும் எழுதிக்கொண்டு திருப்பிப் படியுங்கள்: "2 மி.கி. மாத்திரையில் ஒன்றரை, ராத்திரி ஏழு மணிக்கு, இன்றையிலிருந்து. அடுத்த டெஸ்ட் ஒரு வாரத்தில்." அதையே சீட்டாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 2020 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த டெலிமெடிசின் விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. கையெழுத்துப் போட்ட சீட்டின் போட்டோவே செல்லும், அதில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். கடையில் "1 மி.கி. இல்லை, 2 இருக்கிறது" என்று மாற்றிக் கொடுத்தால், திரும்ப ஒருமுறை போன் போட்டுக் கேட்காமல் விழுங்க வேண்டாம்.

டோஸை நீங்களாகவே ஏற்றி இறக்குவது இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வீட்டிலேயே சோதித்து டோஸையும் தாங்களே மாற்றிக்கொள்கிறவர்களுக்கு ரத்தம் கட்டி அடைத்துக்கொள்வது குறைகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்த பிறகே அதற்கு விட்டார்கள். ஆறு மாதம் தினசரிக் காலண்டரில் டிக் அடித்து, எண்களை நோட்டில் எழுதிப் பழகுங்கள். அதற்கப்புறம் டாக்டரிடமே அதைப் பற்றிப் பேசலாம்.

ஒரு வேளை மறந்தால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. தலையில் அடி, கறுப்பாக மலம், வாய் கோணுவது, ஒரு பக்கம் கைகால் விழுவது, திடீர் மூச்சுத்திணறல், வழக்கமாகக் கேட்கிற வால்வின் டிக் டிக் சத்தம் மங்குவது: இதற்கெல்லாம் டாக்டர் போனை எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108.

கேள்வி: அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கீரையே தொடக்கூடாது என்கிறார்களே, நிஜமா?
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: இல்லை. முருங்கை, அகத்தி போன்ற கீரைகளில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதனால் ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று இருந்தால்தான் ஐ.என்.ஆர். ஆடும். வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால் எப்போதும் அதே அளவாக இருக்கட்டும், டோஸை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்ளலாம். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் அந்தப் பிரச்சினையே இல்லை, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: டெஸ்ட்டே தேவைப்படாத புது மாத்திரை வந்திருக்கிறதாம். மெட்டல் வால்வு வைத்த என் அப்பாவுக்கு மாற்றலாமா?
- ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: வேண்டாம்மா. நாடித்துடிப்பு தாறுமாறாக இருக்கிற பலருக்கு அவை நல்ல மருந்துகள்தான். ஆனால் மெட்டல் வால்வு வைத்தவர்களுக்கு அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தக் கட்டியும் அதிகம், ரத்தக் கசிவும் அதிகம் என்று ஆய்வையே நடுவில் நிறுத்திவிட்டார்கள். 2013-ல் அந்த முடிவு வெளியானது. அப்பா பழைய மாத்திரையிலேயே இருக்கட்டும். பல்வலி, காய்ச்சல் என்று யாராவது மெட்ரோனிடசோல் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினால், மெட்டல் வால்வு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, நான்கைந்து நாளில் ஒரு டெஸ்ட் பார்த்துவிடுங்கள்.