சோறு உள்ள போனதும் என்ன ஆகுது? கேளுங்க, சொல்றேன்

இருபது வருஷம் பிளஸ் டூ பசங்களுக்கு விலங்கியல் எடுத்தவ நான். மாத்திரை கேள்வி மட்டும் வேணாம், அதுக்கு டாக்டர்கிட்ட போங்க.

கே: டீச்சர், செரிமானம் வயித்துல தானே நடக்குது?

ப: வாயிலயே ஆரம்பிச்சிடுது. வெறும் சோறு ஒரு வாய் எடுத்து விழுங்காம மென்னுகிட்டே இருங்க, லேசா இனிக்கும், எச்சில்ல இருக்குற அமைலேஸ் மாவுச்சத்த சர்க்கரையா உடைக்குது, அதான். வயித்துல அமிலமும் பெப்சினும் புரதத்த கொஞ்சம் உடைக்கும், மத்தபடி கிரைண்டர் மாதிரி கூழாக்கி கீழ தள்ளும், அவ்ளோதான். பெரிய வேலை எல்லாம் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல்ல, கணையநீரும் பித்தநீரும் வந்து சேருறது அங்க தான். ஆனா பேரு மட்டும் வயித்துக்கு!

கே: மேடம், ஸ்கேன் இல்லாத காலத்துல இதெல்லாம் எப்படி பாத்தாங்க?

ப: நல்லா கேட்டீங்க. 1822ல அமெரிக்காவுல மேக்கினாக் தீவுல துப்பாக்கி தவறுதலா வெடிச்சு அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்ங்கறவருக்கு வயித்துல ஓட்டை விழுந்துடுச்சு, ஆளு பொழச்சிட்டாரு ஆனா ஓட்டை மூடவே இல்ல. வைத்தியம் பாத்த ராணுவ டாக்டர் வில்லியம் போமன்ட் என்ன பண்ணாருன்னா, இறைச்சி, ரொட்டி, முட்டைகோஸ் எல்லாத்தையும் பட்டு நூல்ல கட்டி அந்த ஓட்டை வழியா உள்ள விட்டு, அப்பப்போ வெளிய இழுத்து எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு பாத்தாரு. வயித்துநீர மட்டும் வெளிய எடுத்து இறைச்சி போட்டு உடம்பு சூட்டுல வெச்சப்பவும் கரைஞ்சுது, அப்போ வெறும் அரவை இல்ல, ரசாயன வேலைன்னு தெளிவாச்சு. 1833ல புத்தகமாவே போட்டாரு. நடுவுல செயின்ட் மார்ட்டின் கனடாவுக்கு கெளம்பி போயிட்டாரு, யாரா இருந்தாலும் போயிருப்பாங்க!

கே: அக்கா, சாப்பிடும்போது தண்ணி குடிச்சா செரிக்காதுன்னு மாமியார் திட்டுறாங்க

ப: தாராளமா குடிங்க. வயிறு தேவைக்கு ஏத்தமாதிரி அமிலம் சுரந்துக்கும். நான் சொன்னேன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க.

கே: சுண்டல் சாப்பிட்டா ஆபீஸ்ல உக்கார முடியல டீச்சர் 😭

ப: அதுல ராஃபினோஸ் மாதிரி சில சர்க்கரை இருக்கு, அத உடைக்கிற என்சைம் மனுஷங்களுக்கே கிடையாது, அப்படியே பெருங்குடலுக்கு போயிடும், அங்க பாக்டீரியாவுக்கு விருந்து, நமக்கு கேஸ். ராத்திரி ஊறவெச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு வேற தண்ணியில வேக வைங்க, கொஞ்சம் கொறையும்.

கே: பால் குடிச்சா வயிறு கலக்குது, தயிர் ஒண்ணும் பண்ணல, ஏன்?

ப: பெரியவங்க ஆனதும் நெறைய பேருக்கு லாக்டேஸ்ங்கற என்சைம் சுரக்குறது கொறஞ்சிடும், அதனால அது உடைக்க வேண்டிய, பால்ல இருக்குற லாக்டோஸ்ங்கற சர்க்கரை உடையாம நிக்குது. தயிர்ல உறை போட்ட பாக்டீரியா அதுல ஒரு பங்க முன்னாடியே தின்னுடுது.