புர்ஜ் கலீஃபாவா, தொட்டபெட்டாவா: எது உயரம்?

வணக்கம் சகோதரி. துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டடம் 828 மீட்டர், ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் என்று உங்கள் மகள் சார்ட்டில் வரைந்ததும், "ரெண்டையும் ஒரே கோட்டில் வைக்கலாமா?" என்று டீச்சர் கேட்டதும் படித்தேன். டீச்சர் கேட்டது சரியான கேள்வி.

கட்டடத்தை அதன் வாசல் தரையிலிருந்து அளப்பார்கள். மலையைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பார்கள். ஊட்டி டவுனே சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் தொட்டபெட்டா நம் தலைக்கு மேல் 400 மீட்டர்தான் எழும்பும். புர்ஜ் அதைப் போல இரண்டு மடங்கு! அதே சிகரத்தை மேட்டுப்பாளையத்திலிருந்து கணக்கிடுங்கள். அந்த ஊர் 330 மீட்டர் அளவில்தான் இருக்கிறது, ஆகவே ஏற்றம் 2,300 மீட்டர். ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்கு அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி நன்றாகவே தெரியும்.

சார்ட்டை அழிக்க வேண்டாம். அடியில் கடல் மட்டக் கோடு ஒன்று போட்டு, ஊட்டி, மேட்டுப்பாளையம் இரண்டையும் அதனதன் உயரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். துபாய் கடலோர ஊர், எனவே புர்ஜை அந்தக் கோட்டை ஒட்டியே நிறுத்தலாம்.

இடமிருந்தால் திருச்சியையும் சேருங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஜோடி அது. மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர், ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர் (1987இல் கட்டி முடித்தது). இரண்டுமே தரையிலிருந்து அளந்தவை. பக்கத்தில் பக்கத்தில் தாராளமாக வரையலாம்.