டெல்லி–வாஷிங்டன் விமானம் மீண்டும் பறக்குமா?

வாசகர் கேள்விகளும் ஆசிரியர் பதில்களும்

டெல்லியிலிருந்து அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு இயக்கிவந்த நேரடிச் சேவையை ஏர் இந்தியா 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்தியது தொடர்பாக வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி (வாசகி, திருச்சி): என் மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். டெல்லியில் ஏறினால் நேராக வாஷிங்டனில் இறங்கலாம் என்ற வசதி போய்விட்டது. "சீக்கிரமே மறுபடியும் விடுவார்கள்" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: உறவினர் சொல்வதில் பாதியை நம்பலாம். மீண்டும் தொடங்குவதற்கு வாய்ப்பு இருக்கிறது. "சீக்கிரமே" என்பதைத்தான் நம்ப முடியவில்லை. நிறுத்தத்தை 2025 ஆகஸ்ட் 11 அன்று அறிவித்தபோது நிறுவனம் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, தன்னிடமுள்ள 26 போயிங் 787-8 விமானங்களின் உட்புறத்தை முழுவதுமாகப் புதுப்பிக்கும் பணி தொடங்கிவிட்டதால், ஒரே நேரத்தில் பல விமானங்கள் பறக்காமல் நிற்கும் நிலை. இது குறைந்தது 2026 இறுதிவரை நீடிக்கும் என்று அவர்களே கூறியிருந்தார்கள். மற்றொன்று, பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டதால் நீண்டுபோன பாதை.

முதல் காரணத்துக்குப் பின்னால் ஒரு சோகமும் உண்டு. ஏர் இந்தியா வாங்கிய 787-8 விமானங்கள் மொத்தம் 27. அவற்றில் ஒன்றைத்தான் 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத் விபத்தில் இழந்தோம். அதையடுத்து, கூடுதல் சோதனைகளுக்காக, பெரிய விமானங்களைக் கொண்டு இயக்கும் வெளிநாட்டுச் சேவைகளை நிறுவனம் 15 சதவீதம் குறைக்க நேர்ந்தது. ஏற்கெனவே போதாமல் இருந்த விமானங்கள் மேலும் போதாமல் போயின.

ஆகவே, பணிமனைக்குப் போன விமானங்கள் திரும்பிவந்து, வான்வழியும் திறந்தால் ஒழிய இந்தச் சேவை மீளாது என்பதே என் கணிப்பு. இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால், கிடைக்கிற விமானத்தை நிறுவனம் வேறு ஊருக்குத்தான் அனுப்பும். ஏன் என்பதைச் சேலம் வாசகருக்கான பதிலில் சொல்கிறேன். 2027க்கு முன்னால் இதை நம்பிப் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

கேள்வி (வாசகர், கோவை): வெளிநாட்டு விமானங்கள் பாகிஸ்தான் வழியாகத்தானே டெல்லிக்கு வந்துபோகின்றன? ஏர் இந்தியாவுக்கு மட்டும் என்ன தடை?

பதில்: பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வானை மூடியது இந்தியாவில் பதிவான, இந்திய நிறுவனங்கள் இயக்குகிற விமானங்களுக்கு மட்டுமே. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு அவ்வாறே மூடியது. அதன் பின் இந்தத் தடைகள் மாதம் மாதமாக நீட்டிக்கப்பட்டன. எனவே ஒரு ஜெர்மானிய விமானமோ பிரிட்டிஷ் விமானமோ டெல்லியை விட்டுக் கிளம்பியதும் மேற்கே திரும்பிவிடலாம். ஏர் இந்தியா விமானம் முதலில் தென்மேற்காகக் குஜராத்தைக் கடந்து அரபிக்கடலுக்குப் போய், வளைகுடாப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் ஐரோப்பாவை எட்ட முடியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பின் அமெரிக்க நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாது. ஏர் இந்தியாவோ பறக்கலாம். அதனால் சில ஆண்டுகள் அமெரிக்கப் பாதையில் ஏர் இந்தியாவுக்குக் குறுக்குவழி இருந்தது, போட்டியாளர்கள் முணுமுணுத்தார்கள். இப்போது வடக்கே கதவு திறந்திருந்தும் அந்தக் கதவுக்குப் போகும் முற்றம் அடைபட்டிருக்கிறது. இமயமலைக்கு அப்பால் சின்ஜியாங் பகுதியில் சீன ராணுவக் கட்டுப்பாட்டிலுள்ள வான்வெளியைப் பயன்படுத்த அனுமதி பெற்றுத் தருமாறு ஏர் இந்தியா இந்திய அரசைக் கேட்டுக்கொண்டதாக 2025 நவம்பரில் செய்தி வெளியானது. அப்படிக் கேட்கும் அளவுக்கு நெருக்கடி முற்றியிருக்கிறது என்பதை அந்தச் செய்தியே காட்டுகிறது.

சுற்றிப் போவதில் கூடுதல் நேரத்தைக் காட்டிலும் எடைதான் பெரிய சிக்கல். 787-8 போன்ற விமானம் மணிக்கு ஏறத்தாழ 5 டன் எரிபொருளைக் குடிக்கும். இரண்டு மணி நேரம் கூடினால் 10 டன். அந்த 10 டன்னைத் தொடக்கத்திலிருந்தே சுமந்து செல்வதற்கு மேலும் கொஞ்சம் எரிபொருள். கிளம்பும்போது விமானம் இவ்வளவு எடைக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு உண்டு. ஆகவே பயணிகளையோ சரக்கையோ குறைக்க வேண்டும், அல்லது வழியில் இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும். வாஷிங்டன் விமானம் இரண்டாவதைத்தான் செய்தது. வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயிற்று. இறங்கினால் இறங்குகட்டணம், பணி நேர வரம்பு முடிந்த ஊழியர்களுக்கு மாற்று ஆட்கள், அவர்களுக்கு வியன்னாவில் தங்குமிடம் எனச் செலவு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். 2019இல் பாலாகோட் தாக்குதலுக்குப் பின் இதேபோல் வான் மூடப்பட்டபோது, ஜூலை 2 வரைக்குமே ஏர் இந்தியாவுக்கு 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இம்முறை ஓராண்டு நீடித்தால் ஏறத்தாழ 60 கோடி டாலர் செலவாகும் என்று நிறுவனம் அரசுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கிட்டிருந்தது.

கேள்வி (வாசகர், சேலம்): நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இதே சுற்றுவழிதானே? வாஷிங்டனை மட்டும் ஏன் வெட்டினார்கள்? கூட்டம் இல்லையா?

பதில்: கூட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வாஷிங்டனைச் சுற்றியுள்ள வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிகளில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். ஆனால் விமானம் நிறைவது வேறு, லாபம் தருவது வேறு. விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம்மைப் போன்றவர்கள் பல மாதங்கள் முன்பே மலிவான கட்டணத்தைத் தேடிப் பதிவு செய்கிறோம். நெடுந்தூர விமானத்தின் கணக்கை நேராக்குவது முன்பகுதியில் பிசினஸ் வகுப்பில் கடைசி நேரத்தில் பல மடங்கு விலை கொடுத்து அமரும் பயணி. அவர்கள் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கிடைக்கிற அளவுக்கு வாஷிங்டனுக்குக் கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

2017 ஜூலையில் போயிங் 777-200 எல்ஆர் என்ற நெடுந்தூர விமானத்தைக் கொண்டு இந்தச் சேவை தொடங்கியபோதே வாரத்துக்கு மூன்று நாள்தான். அலுவல் நிமித்தம் போகிறவர் செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டியிருந்தால் வெள்ளிக்கிழமை விமானத்துக்காகக் காத்திருக்க மாட்டார். தோஹா, துபாய் அல்லது இஸ்தான்புல் வழியாகப் போய்விடுவார். மேலும், டெல்லியிலிருந்து ஒரு விமானம் அமெரிக்கா போய்த் திரும்ப ஒன்றரை நாளுக்குக் குறையாது. விமானங்கள் குறையும்போது எந்த நிர்வாகமும் தினசரிச் சேவைகளைக் காப்பாற்றிக்கொண்டு, வாரம் சில நாள் ஓடும் சேவையிலேதான் கைவைக்கும். வான் திறந்தாலும் முதலில் பலன் பெறப்போவது நியூயார்க், நெவார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ ஆகியவைதான் என்று நான் கருதுவது இதனால்தான்.

கேள்வி (வாசகர், சிங்கப்பூர்): ஒரு முறை கைவிட்ட நெடுந்தூரப் பாதைக்கு விமான நிறுவனங்கள் உண்மையிலேயே திரும்பியிருக்கின்றனவா?

பதில்: தங்கள் ஊரே இதற்குச் சிறந்த சாட்சி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்துக்கு நான்கு எஞ்சின்கள். எரிபொருள் சுமையால் அது பறக்கும் எண்ணெய்க் கப்பல் போலாகிவிட்டது. 181 இருக்கைகளோடு தொடங்கியதை 2008இல் வெறும் 100 இருக்கைகளாக்கி, அத்தனையையும் பிசினஸ் வகுப்பாக மாற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் விலை ஏறியபோது அதுவும் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்தினார்கள்.

ஐந்து ஆண்டுகள் சும்மா இருக்கவில்லை. இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 விமானத்தின் எரிபொருள் கொள்ளளவை 1,41,000 லிட்டரிலிருந்து 1,65,000 லிட்டராக உயர்த்தித் தரச் செய்து, அந்தப் புதிய வகையான ஏ350-900 யுஎல்ஆரைக் கொண்டு 2018 அக்டோபர் 11 அன்று அதே நெவார்க்குக்குத் திரும்பினார்கள். இருக்கைகள் 161: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி ஒன்றுகூட இல்லை. பாதை திரும்பிவந்தது, பழைய எளிய பயணிக்கு அதில் இடமில்லை. திரும்புதல் எப்போதும் பழையபடியே இருக்காது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

மலேசியா ஏர்லைன்ஸ் 2016இல் கைவிட்ட பாரிஸுக்கு 2025 மார்ச்சில் திரும்பியிருக்கிறது. ஏர் இந்தியாவும் 2012இல் விட்ட டொரன்டோவை 2019 செப்டம்பரில் மீட்டது. இந்தத் திருப்பங்களை வைத்துப் பார்த்தால் ஐந்து முதல் ஒன்பது ஆண்டு இடைவெளி அரிதல்ல. வாஷிங்டன் விஷயத்தில் அவ்வளவு காலம் ஆகாது என்று எண்ண ஒரு காரணம் உண்டு: 2023இல் ஏர் இந்தியா ஏர்பஸ், போயிங் இரு நிறுவனங்களிடமும் கேட்ட 470 விமானங்களில் 34 ஏ350-1000 விமானங்களும் அடங்கும். அவை அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாராளமாக எட்டக்கூடியவை. ஆனால் விமானம் கேட்பதற்கும் கைக்கு வருவதற்கும் இடையே எத்தனை தாமதங்கள் வரும் என்பதைத் தொழிற்சாலைகள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): டெல்லி எதற்கு? சென்னையிலிருந்தே விடக்கூடாதா?

பதில்: ஆசைக்குத் தடையில்லை. தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு இடைநில்லாமல் பறக்க ஏர் இந்தியா 2021 ஜனவரியில் முயன்றபோது முதலில் தேர்ந்தெடுத்தது பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ பாதையை. காரணம், இரு முனைகளிலும் மென்பொருள் நிறுவனங்களின் செலவில் பறப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுக்குச் சென்னை–வாஷிங்டனுக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (வாசகர், மதுரை): எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. இருவருக்கும் ஆங்கிலம் சரளமாக வராது. இடைப்பட்ட காலத்தில் வாஷிங்டனுக்கு எந்த வழி தங்களுக்குச் சரியாகப் படுகிறது?

பதில்: ஏர் இந்தியாவிலேயே போக விரும்பினால் நியூயார்க் அல்லது சிகாகோவில் இறங்கி, அங்கிருந்து கூட்டு நிறுவனத்தின் உள்நாட்டு விமானத்தில் செல்லலாம். அப்படிச் சென்றால் பொதுவாக அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதியவர்களுக்கு இந்த வேலை எளிதல்ல. அதைவிட, வழியில் ஒரே இடத்தில் மாறி, நேராக வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில் இறங்கும் சீட்டே உங்களுக்கு ஏற்றது. தோஹா, துபாய், இஸ்தான்புல், அபுதாபி என நான்கு வழிகளிலும் அதற்கு ஏற்பாடு இருந்துவந்திருக்கிறது. அவற்றில் அபுதாபிக்கு ஒரு சிறப்பு உண்டு. அமெரிக்கக் குடிவரவு, சுங்க அதிகாரிகள் 2014 முதல் அங்கேயே அலுவலகம் வைத்துச் சோதனை செய்வதால், வாஷிங்டனில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணிகளைப் போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பதற்றம் பாதி வழியிலேயே முடிந்துவிடும்.

எந்த வழியில் சென்றாலும் முழுப் பயணத்துக்கும் ஒரே முன்பதிவு எண் இருக்கட்டும். தனித்தனிச் சீட்டாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள். சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மகன் அல்லது மகளின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட வேண்டாம்.