எட்டாவதாக எடுப்பவரின் கணக்கு

கேள்வி: அண்ணா, நாங்கள் எட்டு நண்பர்கள். முல்லை நகர் மைதானத்தில் ஃபுட்பால் ஆடுவோம், ராத்திரி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பார்ப்போம், மூன்று வருஷமாக ஃபேன்டசி டிராஃப்ட் லீக்கும் நடத்துகிறோம் (அந்த லீக் ஆட்டக்காரர்களை முறைவைத்து ஆளுக்கொருவராக எடுத்து டீம் அமைப்போம், அவர்கள் நிஜத்தில் ஆடுவதைப் பொறுத்து பாயிண்ட் வரும்). காசு கிடையாது, கடைசியாக வருபவர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். போன சீசனில் ஆள் எடுக்கும் வரிசைக் குலுக்கலில் எனக்கு எட்டாவது இடம் விழுந்தது. முதல் இரண்டு ரவுண்டிலும் ஃபார்வர்டு எடுத்தேன், ஏழாவதாகத்தான் முடித்தேன். இந்தத் தடவை பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சிமுலேஷன், அதாவது சீசனைப் போலவே நடத்திப் பார்க்கும் புரோகிராம் எழுதி, ஒவ்வொரு முறைக்கும் நூறு சீசன் ஓட்டினேன். மிட்ஃபீல்டரை முதலில் எடுத்தால் 17 தடவை ஜெயிக்கிறேன், ஃபார்வர்டை முதலில் எடுத்தால் 12 தடவை. இதை நம்பலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, சரியான வேலையைத்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள், ஆனால் நூறு தடவை போதாது. எட்டு பேர் லீக்கில் எல்லாரும் சமபலம் என்றால் ஒருவர் ஜெயிக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்கு 12.5. அப்படிப்பட்ட சாதாரண டீமையே நூறு சீசன் ஓட்டினால் வெறும் அதிர்ஷ்டத்தில் 6 வெற்றியும் வரலாம், 19 வெற்றியும் வரலாம். உங்கள் 17, 12 இரண்டுமே அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன. பத்தாயிரம் சீசன் ஓட்டுங்கள், அப்போது அந்தச் சாதாரண டீம் ஏறக்குறைய 1,180-க்கும் 1,320-க்கும் நடுவில்தான் நிற்கும். அங்கேயும் உங்கள் மிட்ஃபீல்டர் திட்டம் 1,700 காட்டினால் அது நிஜ வித்தியாசம்.

அப்புறம் இன்னொன்று, டிராஃப்ட் நேரத்தில் நம்மிடம் இல்லாத தகவலை நாம் அறியாமலே சிமுலேஷனுக்குக் கொடுத்துவிடுகிறோம். 2023-24 சீசனில் கோல் பால்மர் 22 கோல் அடித்து ஃபேன்டசியில் 244 பாயிண்ட் எடுத்தார். அந்த சீசன் பாயிண்டை வைத்தே உங்கள் கம்ப்யூட்டர் டிராஃப்ட் செய்தால் அவரை முதல் ரவுண்டிலேயே எடுக்கும். ஆனால் அந்த ஆகஸ்டில் அவர் மான்செஸ்டர் சிட்டியில் அவ்வளவாக இடம் கிடைக்காத பையன், செல்சீக்கு வந்ததே செப்டம்பர் 1-ஆம் தேதிதான். யார் எடுத்திருப்பார்கள்? அதனால் ஆள் எடுக்கும் வரிசைக்கு முந்தைய சீசன் கணக்கு, பாயிண்ட் போடுவதற்கு அடுத்த சீசன் கணக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வருவது உங்கள் ஏழு நண்பர்களைப் பற்றி. டிராஃப்டில் ஒரு ஆட்டக்காரர் ஒருவருக்குத்தான் சொந்தம். ஒரு ரவுண்டு முடிந்ததும் வரிசை திரும்பி வரும் என்பதால் எட்டாவது இடக்காரர் 8, 9 இரண்டையும் அடுத்தடுத்து எடுப்பார், அதற்கப்புறம் 24 வரை காத்திருப்பார். நடுவில் 14 பேர் போய்விடுவார்கள். அந்த 14 பேர் யார் என்பதில்தான் உங்கள் சீசனே இருக்கிறது. உங்கள் சிமுலேஷனில் அந்த ஏழு பேரும் தரவரிசையைப் பார்த்து மேலிருந்து எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வியாசர்பாடியில் அப்படி யார் எடுக்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் போன வருஷ டிராஃப்ட் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், எடுத்துப் பாருங்கள். லிவர்பூல் ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர் யார், நான்காவது ரவுண்டிலேயே கீப்பரைத் தூக்குபவர் யார், நேரத்தைக் கோட்டைவிட்டு, கம்ப்யூட்டரே ஆளை எடுத்துவிடும் ஆட்டோ பிக்கில் மாட்டுபவர் யார்? ஏழு பேருக்கும் ஏழு குணம் எழுதிக் கொடுத்து ஓட்டுங்கள். பெரம்பூரில் நாங்கள் ஆறு பேர் ஆடுகிறோம். அங்கே ஒருவர் இரண்டாவது ரவுண்டில் ஆர்சனல் டிஃபெண்டரைத் தொட்டால் போதும், பின்னாலேயே மூன்று பேர் பதறிப்போய் டிஃபெண்டர் எடுப்பார்கள். அதை எழுதிச் சேர்த்த பிறகுதான் என் சிமுலேஷன் எங்கள் டிராஃப்ட் மாதிரியே நடக்க ஆரம்பித்தது, எந்தத் திட்டம் மேலே என்பதும் மாறியது.

கீப்பர் விஷயத்துக்கு கம்ப்யூட்டரே வேண்டாம். ஆளுக்கு இரண்டு என்றால் எட்டு பேருக்கு 16 கீப்பர். லீக்கில் கிளப்புகள் 20, வாரத்துக்கு உங்களுக்கு ஆடப்போவது ஒரே கீப்பர். கடைசி ரவுண்டுகளில் எடுத்துக்கொள்ளலாம். ஃபார்வர்டு அப்படியில்லை. எட்டு பேருக்கு 24 பேர் வேண்டும், ஆனால் பல கிளப்புகள் ஒரே ஸ்டிரைக்கரோடுதான் ஆடுகின்றன, பட்டியல் சீக்கிரம் வற்றிவிடும். இருந்தாலும் களத்தில் ஒரு ஃபார்வர்டு இருந்தால் போதும் என்பது விதி. மிட்ஃபீல்டருக்கு கோலுக்கு 5 பாயிண்ட், ஃபார்வர்டுக்கு 4. லிவர்பூலின் சலா 2024-25-ல் 344 பாயிண்ட் எடுத்ததற்கு அவரை மிட்ஃபீல்டர் கணக்கில் வைத்திருந்ததும் ஒரு காரணம். அதனால் உங்கள் மிட்ஃபீல்டர் யோசனை சரியாகவே இருக்கலாம், நூறு சீசனை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி: இப்படிப் பல தடவை ஓட்டிப் பார்த்து எண்ணும் முறைக்கு ஏன் மான்டி கார்லோ என்று பெயர்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மொனாக்கோவில் சூதாட்ட விடுதிக்குப் பேர்போன இடம் அது. 1946-ல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித மேதை, தனியாக சீட்டு ஆடிக்கொண்டே, இந்த ஆட்டம் ஜெயிக்க எத்தனை வாய்ப்பு என்று யோசித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார், சிக்கலாக இருந்தது. நூறு ஆட்டம் ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஜான் வான் நியூமனிடம் சொன்னார், அணுகுண்டு ஆராய்ச்சிக் கூடத்தில் அது பெரிய கருவியானது. பெயர் வைத்தவர் நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ்.

கேள்வி: எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. லேப்டாப்பும் இல்லை. நான் எப்படி இதைச் செய்வது?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: சீட்டு எழுதத் தெரியும் இல்லையா, அது போதும். ஒரு ஆட்டக்காரர் போன சீசனில் 38 வாரமும் எடுத்த பாயிண்டை 38 சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஆடாத வாரத்துக்குப் பூஜ்யம் எழுதுங்கள், காயம்பட்டு உட்கார்ந்த கணக்கு அதிலேயே வந்துவிடும். ஒரு சீட்டை எடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப உள்ளே போட்டுக் குலுக்குங்கள். 38 தடவை எடுத்தால் ஒரு சீசன். சீட்டின் மூலையில் வார எண்ணையும் எழுதிவைப்பது முக்கியம். ஒரே கிளப்பின் இரண்டு டிஃபெண்டர்கள் உங்களிடம் இருந்தால் இருவருக்கும் ஒரே வாரச் சீட்டைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் கோல் வாங்காத நாளில் இருவருக்கும் சேர்ந்தே நான்கு பாயிண்ட் வரும், வாங்கினால் சேர்ந்தே போகும். கை வலித்தால் மொபைலில் கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது. 38 எண்களை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, 1-க்கும் 38-க்கும் நடுவில் ஏதாவது ஓர் எண்ணை எடுக்கும் ரேண்ட்பிட்வீன் என்ற சூத்திரத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டக்காரருக்கு மட்டும் செய்து பாருங்கள், எங்கே முட்டுகிறதோ அதை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.